காட்டு வழிக்காக நீ எழுதிய மனு

தணிகாவுக்கு,

நீ மேசைமேல் வைத்துவிட்டுப் போன மனு வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை. சனிக்கிழமை நீ ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குள் கால் வைத்ததும் முதலில் அதைத்தான் கேட்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்ல எனக்கு வராது. முக்கியமான எதையும் நான் உன்னிடம் நேராகச் சொன்னதில்லை. அரக்கோணம் ரயில் ஷெட்டில் உனக்கு அப்ரண்டிஸ் வேலை கிடைத்த அன்றுகூட, "நேரத்துக்குச் சாப்பிடு" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால் ஆபீசில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு என் மேசையிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்றைக்குத் தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். ஒருநாள் முழுக்க இதை வைத்துக்கொண்டு நீ யோசிக்கலாம்.

மனுவை மூன்று தடவை படித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. கோயில் மலைக்குப் பின்புறம், டவுன் முடிகிற இடத்தில் தொடங்கிக் காட்டுக்குள் ஏறி, அந்தப் பக்கம் நம் பழைய ஊரில் இறங்குகிற வழி. பஸ் மலையைச் சுற்றிக்கொண்டு வருவதில் பாதித் தூரம்கூட இல்லை. இருபத்திரண்டு வருடமாக அதில் சைக்கிள் போகக்கூடாது என்று பலகை நிற்கிறது. நீயும் உன் சிநேகிதர்களும் மட்கார்டையும் கேரியரையும் கழற்றிப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சரிவில் விடுகிறீர்கள் என்பதும், வனக்காவலர் வால்வைப் பிடுங்கி அனுப்புகிறார் என்பதும் எனக்குத் தெரியாதென்று நினைத்திருந்தாய். சட்டை முதுகில் செம்மண் தெறித்திருப்பதைத் துவைக்கிறவளுக்குத் தெரியாதா? அதற்காக உன்னைக் கண்டிக்கவில்லை. அந்தச் சரிவில் இறங்கும்போது அடிவயிறு லேசாகும் இடம் எதுவென்று எனக்கும் தெரியும். இரண்டாவது திருப்பம் தாண்டி, பாறை வழவழவென்று படுத்திருக்கும் இடம்.

போன ஞாயிற்றுக்கிழமை அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டு நீ பேசியதை எழுதிப் பார்க்கிறேன். "எவனோ ஒரு பொறுக்கி எவளையோ இடிச்சிட்டு ஓடிட்டான். அதுக்கு இருவது வருசமா ஊருக்கே தண்டனயாம்மா? நெசவு ஆளுங்க மூட்டய வெச்சிக்கினு சுத்தி வராங்க. பொண்ணுங்க ஸ்கூலுக்குப் போவ முடியல. அந்த மினிட்ஸ் புக்கு நீ எழுதனதுதானே? அதுல எங்க ஓட்ட இருக்குதுன்னு பாத்து சொல்லு. மீட்டிங்ல நீ ஒரு வார்த்த சொன்னா போதும்."

"பொன்னம்மா வருவாங்களே" என்றேன்.

"வரட்டும். வந்து காலக் காட்டும். இருவது வருசமா அதே காலு, அதே கத" என்று சிரித்தாய். பருப்பு பொங்குகிறதா என்று பார்ப்பதுபோல நான் திரும்பிக்கொண்டேன். பருப்பு அன்று பொங்கவில்லை.

தணிகா, நீ சொன்ன அந்தப் பொறுக்கி நான்தான்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உன் அப்பாவுக்குத் தெரியாது. உன் சின்னம்மா சரோஜாவுக்குத் தெரியாது. என் நைனாவுக்கு, உன் தாத்தாவுக்கு, தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் கேட்காமலேயே போய்ச் சேர்ந்தார்.

நம் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.ஏ. முடித்துவிட்டு வந்தபோது ஊரில் எனக்குப் பெரிய பேர். ஆனால் நாலு பேர் நடுவில் என்னால் வாயைத் திறக்க முடியாது. எழுத்து நன்றாக இருந்ததால் இந்த ஆபீசில் எழுத்தர் வேலை கிடைத்தது. ஊரிலிருந்து வரும் காலை பஸ் டவுனுக்கு வரவே பத்தரை ஆகிவிடும், ஆபீசோ பத்து மணிக்கு. நைனா யோசித்துப் பார்த்துவிட்டு, களத்துமேட்டில் வைத்துத் தன் சைக்கிளை எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஆண்கள் ஓட்டுகிற பெரிய சைக்கிள், குறுக்குக் கம்பி வைத்தது. "காட்டு வழியோட நிறுத்திக்கோ. டவுனுக்குள்ள ஓட்டாத. பாக்கறவன் வாய நாம மூட முடியாது" என்று ஒரே நிபந்தனை. புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு அந்தக் கம்பிக்கு மேல் கால் போடுவேன். காடு முடிகிற இடத்தில் இறங்கி, சைக்கிளைப் புதருக்குள் சாய்த்து வைத்து, புடவையை இறக்கிவிட்டு, குனிந்த தலையோடு ஆபீசுக்கு நடப்பேன். காலையில் முக்கால் மணி நேரம் நான் வேறொருத்தி. அதை யாரும் பார்த்ததில்லை என்று நம்பியிருந்தேன்.

அந்தச் சைக்கிளில் மணியின் மூடி எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. அந்தக் காலத்திலும் உன்னைப்போல் பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே விடுவார்கள். அவர்களிடமும் மணி கிடையாது. அவர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். முன்னால் ஆள் நடந்தால் "அரோகரா!" என்று கத்துவார்கள். நம் ஊரில் அந்தச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டால், காவடி வருகிறது என்று கால் தானாக ஒதுங்கிவிடும். மணியைவிட அது நன்றாக வேலை செய்தது. நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். "வழி விடுங்க" என்று ஒரு அந்நியரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழாது. சாமி பேரைச் சொல்வதற்கு வெட்கமில்லை. கூச்சப்படுகிற ஒரு பெண் ஊரறியக் கத்தலாம் என்று இருந்த ஒரே சொல் அதுதான். முதல் தடவை கத்தியபோது என் குரல் இவ்வளவு பெரியதா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்று கிருத்திகை, மலைக்கு நிஜமாகவே காவடிகள் வரும் நாள். இரண்டாவது திருப்பத்துக்குக் கீழே பொன்னம்மா தலையில் விறகுக் கட்டோடு நடந்துகொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நான் பாறையிலிருந்து இறங்கிய வேகத்தில் கத்தினேன். மற்ற நாளாக இருந்தால் அவளும் ஒதுங்கியிருப்பாள். கிருத்திகை என்பதால் அவள் ஒதுங்கவில்லை. நின்றாள். திரும்பினாள். கட்டைப் பிடித்திருந்த இரண்டு கையையும் எடுத்து, "அரோகரா" என்று சொல்லிக் கும்பிட்டாள். வழியின் நடுவில், என்னைப் பார்த்து. விறகு சரிந்தது. என் முன்சக்கரம் அவள் முழங்காலில் போய் நின்றது.

நானும் விழுந்தேன், முழங்கை தேய்ந்தது, அவ்வளவுதான். அவள் விறகின் நடுவில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. எனக்குப் பின்னால் மேட்டைப் பார்த்து, "காவடி எங்கம்மா?" என்று கேட்டாள்.

கீழேயிருந்து யாரோ பேசிக்கொண்டு ஏறி வருவது கேட்டது. இடுப்பில் செருகிய புடவையும் மண் ஒட்டிய கையுமாக நான் நிற்பதை அவர்கள் பார்ப்பார்கள் என்பது ஒன்றுதான் என் புத்தியில் இருந்தது. சைக்கிளைத் தூக்கித் திருப்பிக்கொண்டு வந்த வழியே மேலே ஓடினேன். அவளை விட்டுவிட்டு ஓடினேன் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அன்று ஜுரம் என்று சொல்லி ஆபீசுக்குப் போகவில்லை. சாயந்திரம் நைனா வளைந்த ஹேண்டில்பாரைக் கால் நடுவில் இடுக்கி நிமிர்த்தினார். என் முழங்கையைப் பார்த்தார். "நாளைலேர்ந்து டவுன்ல பெரியம்மா வூட்லயே தங்கிக்கோ" என்றார்.

அந்த வழியில் சைக்கிள் விடலாமா என்று அடுத்த மாதம் எங்கள் ஆபீசில் கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர் தலைமை. நான் ஓரமாக உட்கார்ந்து நடவடிக்கைப் புத்தகத்தில் எழுத வேண்டும். நீ வரும் ஞாயிற்றுக்கிழமை கேட்கப்போகிற பேச்செல்லாம் அன்றே பேசி முடித்த பேச்சுதான். கோயிலுக்கு நடந்து வருகிறவர்கள் சார்பில் ஒருவர் எழுந்தார். "சாமி பேர ஹாரன் ஆக்கிட்டானுங்க சார். இனிமே நெசமாவே காவடி வந்தாலும் எவனும் ஒதுங்க மாட்டான்." கூட்டம் சிரித்தது. பையன்கள் பக்கத்திலிருந்து ஒருவன், "நாங்க ஞாத்திக்கெழம மட்டுந்தாங்க விடுவோம். கிருத்திக அன்னிக்கு எல்லாரும் டூட்டிக்குப் போயிட்டோம். ரிஜிஸ்தர எடுத்துப் பாருங்க" என்றான். "ஆங், பாக்கறாங்க. நீ கத்தறது அரக்கோணம் வரிக்கும் கேக்குது" என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு. அம்மையார்குப்பத்திலிருந்து சேலை மூட்டையோடு அந்த வழியில் வருகிற நெசவுக்காரர் ஒருவர் மட்டும் கடைசிவரை கை கூப்பியபடி நின்றார். "நாங்க மூட்டயோட ஓட்டறதே இல்லீங்க. தள்ளிக்கினுதான் வர்றோம். எங்களயும் சேத்துப் பூட்டிடாதீங்க" என்று சொன்னதையே மூன்று தடவை சொன்னார்.

பொன்னம்மாவைக் கூப்பிட்டார்கள். தடி ஊன்றி வந்தாள். அதிகாரி, "யாரும்மா இடிச்சது?" என்றார். அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. மேசை ஓரத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். "ஒரு புள்ளதாங்க. பின்னால வந்து இடிச்சிச்சு."

"எந்தப் பையன்? பார்த்தா அடையாளம் சொல்வியா?"

"புள்ளதாங்க. யார்னு சொன்னா மட்டும் என் காலு நேராவுமா?" என்றாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, "எழுதிக்கோங்கம்மா" என்றார். நம் பக்கத்தில் புள்ள என்றால் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. இடிச்சிச்சு என்றாலும் அப்படியே. எழுத்துத் தமிழில் "ஒருவர்" என்று எழுதினால் போதும், அவள் சொன்னது அப்படியே நின்றிருக்கும். பட்டம் வாங்கிய எனக்கு அது தெரியாமல் இல்லை. நான் எழுதியது: "அடையாளம் தெரியாத இளைஞன் ஒருவன் மோதியதாக மனுதாரர் தெரிவித்தார்." என் கையெழுத்து அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது. தீர்மானமும் நான் எழுதினதுதான். எல்லா மிதிவண்டிகளுக்கும் தடை. நெசவுக்காரர் மூன்று தடவை சொன்னதைப் புத்தகத்தில் ஒரு தடவைகூட எழுதவில்லை. இடமில்லை என்று நினைத்தேனோ, நேரமில்லை என்று நினைத்தேனோ, இப்போது ஞாபகமில்லை.

ஓட்டை எங்கே என்று கேட்டாயே, ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

ஆனால் இதைவிடப் பெரியது இன்னொன்று. அந்த வருடம் உன் சின்னம்மா எட்டாவது முடித்தாள். ஜூனிலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு அதே சைக்கிளில், அதே வழியில் போவதாக இருந்தது. அவளுக்கு என்னைப்போல் கூச்சம் கிடையாது. எனக்கு வராத கணக்கும் அவளுக்கு வரும். வழி அடைந்த பிறகு, பதின்மூன்று வயசுப் பெண்ணைக் காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் தனியாக நடக்கவிட நைனா சம்மதிக்கவில்லை. பஸ்ஸில் போனால் முதல் இரண்டு பீரியட் போய்விடும். பெரியம்மா வீட்டில் ஏற்கெனவே நான் ஒருத்தி. அவள் நின்றுவிட்டாள். நான்கு வருடம் கழித்துத் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புக்காரர் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தோம். நல்ல மனிதர், நல்ல வீடு, குறையில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவளும் நானும் நெல் புடைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டாள்: "யாருக்கா அந்தக் கடங்காரன்? அவன் மட்டும் அன்னிக்கு ஒழுங்கா போயிருந்தா நானும் உன்ன மாதிரி ஆயிருப்பேன் இல்ல?" நான், "தெரியல சரோ" என்றேன். முறத்தைக் கீழேகூட வைக்கவில்லை. புடைத்துக்கொண்டே சொன்னேன்.

உனக்கு இருபது வயது. தப்பு செய்துவிட்டால் அதைச் சொல்ல நல்ல நேரம் ஒன்று வரும் என்று நினைப்பாய். நானும் நினைத்தேன். வேலை நிரந்தரமாகட்டும் என்று நினைத்தேன். கல்யாணமாகட்டும், நீ பிறக்கட்டும், நீ பேசப் பழகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒவ்வொரு வருடமும் சொல்லாமலிருக்க முந்தின வருடத்தைவிட நல்ல காரணம் ஒன்று கிடைத்தது. இப்போது நான் தலைமை எழுத்தர். இருபத்திரண்டு வருடமாகக் கூட்டங்களில் எழுதி எழுதி நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான், உனக்கு உபயோகப்பட்டால் வைத்துக்கொள். வழியைப் பற்றிக் கூட்டம் போட்டால், அந்த வழியை நம்பி இருக்கிறவர்கள் அதற்கு வரமாட்டார்கள். கூட்டம் காலை பத்து மணிக்கு. விறகுக்காரப் பெண்கள் அப்போது மலையில் இருப்பார்கள், நெசவுக்காரர் ரயில் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார். வருகிறவர்கள் உன் சிநேகிதர்கள், ஞாயிற்றுக்கிழமை விளையாட நேரம் இருப்பவர்கள். அப்புறம் பொழுது இருக்கிற பெரியவர்கள். நீங்கள் இரண்டு கட்சியும் கத்துவீர்கள், என்னைப்போல் ஒருத்தி எழுதுவாள். உன் மனுவில் நெசவு ஆளும் பள்ளிக்கூடப் பெண்ணும் இருக்கிறார்கள், நல்லது. ஆனால் அவர்களில் ஒருவரையாவது நீ போய்ப் பார்த்தாயா? சரிவில் விடுகிறவனும் தலைச்சுமையோடு ஏறுகிறவளும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் எப்படிப் போவது என்று ஒரு வரி அதில் இல்லை. அந்த வரியை எப்படி எழுதுவது என்று எனக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் நடிக்க இனிமேல் தெம்பில்லை.

நேற்று பொன்னம்மா வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அந்தத் தெருவுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். மடங்காத காலை நீட்டிப் போட்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயம்.

"ஆங், தெரியும்மா" என்றாள், கையை நிறுத்தாமல். "உன்னத்தான் கும்பிட்டேன், மறந்துடுமா?"

"ஏன் அன்னைக்குச் சொல்லல?"

நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னனே. புள்ளன்னு சொன்னேன். நீதான் எழுதல."

"பேரச் சொல்லியிருக்கலாமே" என்றேன் முட்டாள்தனமாக.

"வயசுப் பொண்ணு பேர அத்தினி ஆம்பளைங்க நடுவுல எப்படிம்மா சொல்லுவேன்? கட்டிக்கொடுக்க வேணாமா உன்ன? நீயா எழுந்து சொல்லுவேன்னு பாத்தேன். நீ குனிஞ்சிக்கினு எழுதிக்கினே இருந்த. படிச்ச பொண்ணு, என்னவோ எழுதுது, நல்லதாத்தான் எழுதும்னு வந்துட்டேன்." ஒரு புளியங்கொட்டையைத் தூர எறிந்தாள். "உன் புள்ள வந்துச்சே போன வாரம், கையெழுத்து கேட்டுக்கினு. மரியாதயா பேசிச்சு. ஆனா காலுன்னதும் மூஞ்சத் திருப்பிக்கிச்சு. அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லு. இல்லன்னா அதுவும் ஒருநாள் எவளையாவது இடிச்சிட்டு வந்து வூட்ல சோறு துன்னும்."

மன்னிப்புக் கேட்டேன். கொடுத்தாளா என்று தெரியவில்லை. "சைக்கிளு வுட்றதப் பத்தி என் பேச்ச நான் அங்க வந்து பேசறேன். உன் பேச்ச நீ பேசு" என்றாள். அது போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நீ வரும்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன். திருவாலங்காட்டுக்கு, சரோஜாவிடம் போகிறேன். ஊர் கேட்பதற்கு முன்னால் அவள் கேட்க வேண்டும். அவள் என்னை ராத்திரி தங்கவிடுவாளா, கதவைச் சாத்துவாளா, எனக்குத் தெரியவில்லை. சாதம் வடித்து வைத்துவிட்டுப் போகிறேன். உன் அப்பாவிடம் நாளை காலையில் சொல்லிவிடுவேன். அவர் பேசாமல் இருந்தால் நீ அவரைத் துருவாதே.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நான் எழுதப்போவதில்லை, வேறு எழுத்தரை உட்கார வைத்துவிட்டேன். கூட்டத்தைச் சாயந்திரத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஜனங்களோடு பெஞ்சில் நான் இருப்பேன். மனுவில் என் கையெழுத்து இருக்காது. பழைய புத்தகத்தில் நான் எழுதியது பொய் என்று என் வாயால் சொல்வேன். அது உன் மனுவுக்குச் சாதகமாகலாம், பாதகமாகலாம். பொம்பளை சைக்கிள் விட்டதால் வந்த வினை என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். ஆபீசில் விளக்கம் கேட்பார்கள், கேட்கட்டும். எனக்காக உன் மனுவைத் திரும்ப வாங்கிவிடாதே. வெட்கப்பட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வராமலும் இருந்துவிடாதே. உன் சிநேகிதர்கள் நடுவில் உட்காருவதா, என் பக்கத்தில் உட்காருவதா என்பது உன் இஷ்டம். இரண்டும் எனக்குப் புரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்குக் குரல் எழும்பாது. பின்னால் இருக்கிறவர்கள் "கேக்கலம்மா, சத்தமா சொல்லுங்க" என்று கத்துவார்கள். உனக்குப் பாவமாக இருக்கும், எழுந்து எனக்குப் பதிலாகச் சொல்லத் தோன்றும். சொல்லாதே. கேட்கும்வரை நானே திரும்பச் சொல்கிறேன்.

அம்மா